ஹேக் எங்கே, தாயில்பட்டி எங்கே?

பட்டாசுத் தொழில் நடக்கும் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தால், "டெல்லி கோர்ட்டே நம்ம பேச்சைக் கேக்கல, உலகக் கோர்ட்டுத் தீர்ப்பைப் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்பார்கள். படித்தவர்கள் இதையே நாசூக்காகச் சொல்கிறார்கள்: பன்னாட்டுத் தீர்ப்புகளுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை, அவை நம்மைக் கட்டுப்படுத்தாது, தேடினாலும் கிடைக்காது.

சம்பந்தம் இல்லையா? 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. பட்டாசால்தான் காற்று கெடுகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது உற்பத்தியாளர் தரப்பு. முழு ஆதாரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு அதற்குப் பதிலானது. இந்தக் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் காலூன்றியதே தமிழ்நாட்டு வழக்கொன்றில்தான்: பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் பற்றிய 1996 வேலூர் வழக்கு. பன்னாட்டு வழக்காற்றுச் சட்டத்தின் பகுதி என்று சொல்லித்தான் அதை ஏற்றார்கள். கூடவே, தன் தொழில் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பாரத்தையும் தொழில் நடத்துபவர் தலையில் வைத்தார்கள்.

பன்னாட்டு மன்றங்கள் அப்படித்தான் சொல்கின்றனவா? தேடிப் படிப்பவருக்கு இங்கேதான் கூலி கிடைக்கிறது. 1998-ல் ஹார்மோன் மாட்டிறைச்சி வழக்கில், உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு இந்தக் கோட்பாடு வழக்காற்றுச் சட்டமா என்ற கேள்விக்கு முடிவு சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டது. 2010-ல் உருகுவே ஆற்றங்கரைக் காகிதக்கூழ் ஆலை வழக்கில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் சொன்னது இன்னும் கூர்மையானது: ஒப்பந்தத்துக்குப் பொருள் காண இந்த அணுகுமுறை உதவலாம், ஆனால் நிரூபிக்கும் பாரத்தை அது இடம் மாற்றிவிடாது. வேலூர்த் தீர்ப்புக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். மறு ஆண்டே கடல்சட்டத் தீர்ப்பாயத்தின் கடற்படுகைத் தகராறு அவை, முன்னெச்சரிக்கை அணுகுமுறை வழக்காற்றுச் சட்டமாகும் போக்கு தொடங்கிவிட்டது என்றது. வெடிக்காரருக்கு ஒரு தீர்ப்பு, எதிராளிக்கு ஒரு கருத்துரை. இதைக் காட்டினால் பேரியம் திரும்பி வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. நம் நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 21-வது பிரிவு (உயிர் வாழும் உரிமை) என்ற பிடியும் இருக்கிறது. 2023 செப்டம்பரிலும் அது பேரியத் தடையைத் தளர்த்தவில்லை.

கட்டுப்படுத்தாது என்பது பாதி நிஜம். ஹேக் தீர்ப்பு வழக்காடிய நாடுகளை மட்டுமே கட்டும் என்கிறது அதன் சாசனத்தின் 59-வது பிரிவு. டான்யூப் அணை வழக்கில் 1997-ல் இலங்கை நீதிபதி வீரமந்திரி எழுதிய தனிக் கருத்துரை எந்த நாட்டையும் கட்டாது. இலங்கையின் பழங்குளங்களைச் சான்று காட்டி, வளர்ச்சியையும் இயற்கையையும் சேர்த்துப் பேணும் அறிவு பழையது என்றார் அவர். ஆனாலும் மூன்று வருடம் கழித்து எப்பாவல பாஸ்பேட் சுரங்க வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் அதையே எடுத்தாண்டது.

கிடைக்காது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. சில முதலீட்டுத் தகராறுத் தீர்ப்புகள் ரகசியமாக இருப்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன பன்னாட்டு மன்றங்களின் தீர்ப்புகளும் கருத்துரைகளும் அந்தந்த அமைப்புகளின் இணையதளங்களில் காசில்லாமல் கிடைக்கின்றன. சுருக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். சுருக்கம் தீர்ப்பு ஆகாது. ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டத் தயங்குபவர்கள், வீரமந்திரியின் குளங்களிலிருந்து தொடங்கலாம்.