கோட்டை விடலாமா?

செஞ்சிக் கோட்டையைப் பார்க்காதவர்கள் நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் வளைத்துக் கட்டிய மதில். அகழி. வாசலுக்குள் வாசல். ராஜகிரி உச்சிக்கு ஏறுகிறவன் கடைசியில் ஒரு பெரிய பாறைப் பிளவைத் தாண்ட வேண்டும். நடுவில் இருக்கும் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்!

2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பட்டியலில் சேர்ந்த மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். நமக்கெல்லாம் பெருமை!

பெருமையோடு ஒரு பாடத்தையும் இந்தக் கோட்டை வைத்திருக்கிறது.

1690-ல் மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் இதை முற்றுகை போட்டார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது எப்போது? 1698-ல்! அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தார். எத்தனை நாள் பிடித்தது? ஒரே ராத்திரி! விடிவதற்குள் மூன்று மலையும் பிரெஞ்சுக்காரர் கையில்.

அதே மலை. அதே மதில். அதே அகழி. உள்ளே இருந்த ஆட்கள்தான் வேறு. வேறொரு இடத்தில் அடி வாங்கி, குலைந்துபோய் ஓடிவந்து ஒதுங்கிய படை அது.

மதில் தானாகக் காக்காது. மதில் மேல் நிற்கிறவன் விழித்திருந்தால்தான் காவல்.

"அந்தக் காலத்துக் கதை இப்ப எதுக்கய்யா?" என்று கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. இன்றைக்கு நம் பணம், பட்டா, ரேஷன், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. இதுதான் புதுக் கோட்டை. இதற்குக் காவல் யார்?

ஊமையான பிரிண்டர்

தூரத்து ஊர்க் கதை வேண்டாம். நம் கும்பகோணத்து பாங்கிக்கு நடந்ததைப் பார்ப்போம்.

2018 பிப்ரவரி 6. சிட்டி யூனியன் பாங்கி. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் 'ஸ்விப்ட்' ஏற்பாட்டோடு சேர்ந்த பிரிண்டர் ஒன்று. பணம் போனால் அதில் சீட்டு விழும். அன்றைக்கு அது ஓடவில்லை. 'நெட்வொர்க் கோளாறுதானே' என்று நினைத்துவிட்டார்கள்.

கோளாறு இல்லை. களவாணிகள் உள்ளே புகுந்து, முதல் வேலையாக அந்தப் பிரிண்டரின் வாயைக் கட்டியிருந்தார்கள்! துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று என மூன்று கள்ள உத்தரவுகள் பறந்தன. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர்!

மறுநாள் காலை கணக்கை ஒத்துப் பார்த்தபோது உதைத்தது. உடனே வழியில் இருந்த பாங்கிகளுக்குத் தகவல் பறந்தது. துபாய்ப் பணம் நின்றது. துருக்கிப் பணமும் முடக்கப்பட்டது. சீனாவுக்குப் போன 10 லட்சம் டாலருக்கு மட்டும் ஒருவன் போலிப் பத்திரம் காட்டி உரிமை கொண்டாடினான்.

நடந்ததை மூடி மறைக்காமல் பாங்கியே வெளியில் சொன்னது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இதே தந்திரம் இரண்டு வருஷத்துக்கு முன்பே அரங்கேறியது. 2016 பிப்ரவரியில் வங்காளதேசத்தின் மத்திய பாங்கியில் பிரிண்டர் நின்றது. அங்கேயும் 'வழக்கமான கோளாறு' என்றே நினைத்தார்கள். பிலிப்பைன்சுக்குப் போனது 8 கோடியே 10 லட்சம் டாலர்!

இலங்கைக்கு அனுப்பப் பார்த்த 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. எப்படி? 'பவுண்டேஷன்' என்ற வார்த்தையில் எழுத்துப் பிழை. வழியில் இருந்த ஒரு பாங்கியில் யாரோ சந்தேகப்பட்டு, 'இது என்ன?' என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியின் விலை 2 கோடி டாலர்!

நாம் சொல்ல வருவது இதுதான். பூட்டு வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள். விழித்திருக்க ஆள் போடுகிறார்களா? அந்த ஆட்களுக்கு ஒரு தலைவர் உண்டா? அவருக்கு அதிகாரம் உண்டா?

தலைவருக்கு என்ன வேலை?

இந்தக் காவல் படைக்குத் தலைமை தாங்குவது லேசான வேலை இல்லை. பெரிய நிறுவனங்களில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை மணி அடிக்கும். பெரும்பாலும் வெற்று மணி. 'புலி வருது, புலி வருது' கதைதான். கேட்டுக் கேட்டுக் காவல்காரனுக்குக் காது மரத்துவிடும். நிஜப் புலி வரும்போது கொட்டாவி விடுவான். எந்த மணிக்கு ஓட வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதும், ஆட்களை முறை போட்டு மாற்றித் தூங்க வைப்பதும் தலைவரின் முதல் வேலை.

இரண்டாவது, கம்பியைப் பிடுங்கும் அதிகாரம். திருடன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரை மற்றவற்றிலிருந்து துண்டிக்க வேண்டும். 'மேலதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார், கையெழுத்து வரட்டும்' என்று காத்திருந்தால் கதை முடிந்தது! துண்டிக்கலாமே தவிர, பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடக் கூடாது. கைரேகை போல அவன் விட்டுப்போன தடயமும் சேர்ந்து போய்விடும்.

2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது? ஐந்து சர்வர்களைப் பூட்டிவிட்டார்கள் பாவிகள். சுமார் இரண்டு வாரம் பேனாவும் பேப்பருமாகச் சீட்டு எழுதினார்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பிரித்து வைக்காததும் ஒரு காரணம் என்று அரசே பாராளுமன்றத்தில் சொன்னது. நம் செஞ்சியைக் கட்டியவனுக்கு இது தெரிந்திருந்தது. ஒரு மலை போனாலும் அடுத்த மலைக்குத் தனி மதில், தனி வாசல்!

மூன்றாவது, உண்மையை ஒப்புக்கொள்வது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-ல் ஒரு கம்ப்யூட்டருக்குள் கள்ளப் புரோகிராம் புகுந்தது. மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு செப்டம்பர் 4-ந் தேதியே தகவல் கொடுத்தது. அது நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர். உலையை இயக்கும் நெட்வொர்க்குக்கு ஆபத்து இல்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அக்டோபர் 29-ல் நிலையத் தரப்பில் மறுப்பு. மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நடுவில் ஜனங்களுக்கு எத்தனை பீதி!

2022 ஏப்ரல் 28-ல் 'செர்ட்-இன்' கண்டிப்பான உத்தரவு போட்டது. தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தொடர்புக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதுமா? அந்தப் பொறுப்பாளர் பெயர் ஆபீசில் எல்லோருக்கும் தெரிய வேண்டாமா?

திட்டாதீர்கள்!

நாலாவதுதான் முக்கியம். எந்த ஆபீசிலும் முதலில் வித்தியாசத்தைப் பார்ப்பவர் பெரிய நிபுணராக இருக்க மாட்டார். கவுண்ட்டர் கிளார்க்கோ, டேட்டா என்ட்ரி செய்யும் பெண்ணோ, பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கும் பையனோதான் பார்ப்பார்கள். "சார், தெரியாம ஒரு லிங்க்கை அமுக்கிட்டேன், கம்ப்யூட்டர் ஒரு மாதிரியா இருக்கு" என்று அந்தப் பெண் வந்து நின்றால் என்ன செய்கிறோம்?

எரிந்து விழுகிறோம். மெமோ கொடுக்கிறோம். அடுத்த தடவை அவர் வாயைத் திறப்பாரா? களவாணி பிரிண்டரின் வாயைத்தான் கட்டினான். நாம் ஊழியர் வாயையே கட்டிவிடுகிறோம்!

சொன்னவரைத் தட்டிக்கொடுங்கள். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மறைத்தவரைத்தான் கண்டிக்க வேண்டும்.

வீட்டுக்கும் இதே சட்டம்தான். அப்பாவோ அத்தையோ ஏமாந்து ஓ.டி.பி. சொல்லிவிட்டால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்பு உண்டு.

செஞ்சியிலிருந்து சென்னை வரை ஒவ்வொரு ஆபீசு, பாங்கி, ஆஸ்பத்திரித் தலைமைக்கும் நம் வேண்டுகோள் இது. காவலுக்கு ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். கம்பியைப் பிடுங்கும் அதிகாரத்தை இன்றே எழுத்தில் கொடுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஒத்திகை நடத்துங்கள். பேக்கப் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து திரும்ப ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

பாதுகாப்பு எல்லாம் பக்கா என்று மார்தட்டுகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கு வந்து மலை ஏறிப் பார்க்கட்டும். இவ்வளவு பெரிய கோட்டையையே ஒரு ராத்திரியில் விட்டார்கள்!