கீழடிக்குப் போறீங்களா? ஒரு பெரியவரையும் கூட்டிட்டுப் போங்க

மதுரைக்கு வர்ற பட்டணத்து ஜனங்க இப்போ மீனாட்சியம்மன் கோயிலைப் பார்த்த கையோட கீழடிக்கும் போறாங்க. நல்ல விஷயம். ஊரிலிருந்து பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் செட்டிநாட்டு வீடு மாதிரி அருங்காட்சியகம் கட்டித் திறந்தாங்க. திருப்பரங்குன்றத்திலிருந்து நானும் போய்ப் பார்த்தேன்.

கூட்டம் எங்கே நிக்குதுன்னு கவனிச்சேன். தங்க நகைகிட்ட, எழுத்து கீறின பானை ஓடுகிட்ட. "2600 வருஷம்!"னு சொல்லிட்டு ஒரு செல்ஃபி, அடுத்த அறை. பெருமைதான், மறுக்கலை. ஆனா வயசை மட்டும் தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பினா பாதிதான் பார்த்த மாதிரி.

கீழடியில் கிடைச்சதில் பெரும்பகுதி வேலை செஞ்சவங்க சாமான். நூல் நூற்கிற தக்களி, சுடுமண் வளையத்தை ஒண்ணு மேல ஒண்ணா இறக்கின உறைகிணறு. ஆய்வுக்கு அனுப்பின எலும்புகள்ல பாதிக்கு மேல மாடு, எருமை, ஆடுன்னு 2019 அறிக்கை சொல்லுது. இதையெல்லாம் பார்த்தா எனக்கு ராஜா ஞாபகம் வரலை. மாடு கட்டினவனும் கிணறு வெட்டினவனும்தான் ஞாபகத்துக்கு வந்தாங்க.

அந்தக் கிணறு வெட்டினவன் பேரு நமக்குத் தெரியாது. அவன் தன் வேலையைப் பத்தி என்ன பேசினான்னும் தெரியாது. சாமான் மண்ணுக்குள்ள கிடந்து பிழைச்சிருச்சு, அவன் பேச்சு பிழைக்கலை.

அதே கதிதான் இப்போ நம்ம வீட்டிலேயும் நடக்குது. எங்க அப்பா கமலை இறைச்சதைச் சின்னப்பிள்ளையில பார்த்திருக்கேன். சால், வடம், வால்கயிறு, உருளைன்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு உண்டு. கரண்டு மோட்டார் வந்ததும் கமலை போச்சு. மோட்டார் வந்ததைக் குறை சொல்ல மாட்டேன், மாட்டோட நடந்து நடந்து இறைச்ச கஷ்டம் எங்களுக்குத் தெரியும். ஆனா மரமும் தோலும் மக்கிப் போற சாமான். 2600 வருஷம் கழிச்சுத் தோண்டினாலும் கிடைக்காது. அதை ஓட்டின கை இன்னிக்கு எழுபது, எண்பது வயசுல திண்ணையில உக்கார்ந்திருக்கு.

அதனால சொல்றேன், அடுத்த தடவை போகும்போது ஊர்ல இருக்கிற தாத்தாவையோ அப்பத்தாவையோ கூட்டிட்டுப் போங்க. தக்களி முன்னாடி நிறுத்தி, "இதை எப்படிச் சுத்தணும்?"னு கேளுங்க. உறைகிணற்றைக் காட்டி, "நம்ம கிணறு எத்தனை ஆள் வெட்டினது?"னு கேளுங்க. சொல்றதை போன்ல பதிஞ்சு வையுங்க. பிள்ளைங்களும் பக்கத்துல நிக்கட்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற பானை எங்கேயும் போயிடாது. பெரியவங்க அப்படி இல்லை.