99 ரூபாய்க்கு ஆயிரம் ஒர்க்‌ஷீட்... வாங்கலாமா மிஸ்?

சாயங்காலம் ஆறு மணி. மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போக, உள்தெருக்களில் வீட்டுக்கு வீடு டியூஷன் ஆரம்பிக்கும் நேரம். மணலி, மாத்தூர், சின்னசேக்காடு என்று எந்தப் பக்கம் போனாலும், முன்னறையில் பாய் விரித்து பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஒரு ‘மிஸ்’ஸைப் பார்க்கலாம். டிகிரி முடித்த அக்காவாக இருப்பார், தனியார் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு வந்த டீச்சராக இருப்பார், இல்லையென்றால் பிளஸ் டூ வரை படித்த அம்மாவாக இருப்பார்.

இவர்கள் எல்லோருடைய போனுக்கும் ஒரு ஃபார்வர்டு வந்துகொண்டே இருக்கிறது. ‘எல்.கே.ஜி முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆயிரக்கணக்கான ஒர்க்‌ஷீட்கள்! வெறும் 99 ரூபாய்! ஜிபே பண்ணினால் உடனே லிங்க்!’

வாங்கலாமா, வேண்டாமா? பதில் சொல்வதற்கு முன், இந்த வியாபாரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

ஒரு வாத்தியார் ஆரம்பித்த சந்தை

2006-ல் நியூயார்க் நகரத்து அரசுப் பள்ளி ஆசிரியர் பால் எடல்மேன் ‘டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்’ என்ற இணையதளத்தைத் தொடங்கினார். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: டீச்சர்களுக்கு டீச்சர்களே காசு கொடுப்பது. ஒரு ஆசிரியர் ராத்திரி கண்விழித்துத் தயாரித்த பாடத்திட்டம், பயிற்சித்தாள், சுவரில் ஒட்டும் சார்ட் எல்லாவற்றையும் ஃபைலாக ஏற்றிவிடலாம். இன்னொரு ஊரில் அதே பாடத்தை எடுக்கும் ஆசிரியர் சில டாலர் கொடுத்து டவுன்லோடு பண்ணிக்கொள்ளலாம்.

இது எவ்வளவு பெரிதாக வளர்ந்தது தெரியுமா? ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த டியானா ஜம்ப் என்ற சின்னப் பிள்ளைகளின் டீச்சர், இந்தத் தளத்தில் விற்றே பத்து லட்சம் டாலர் வருமானத்தைத் தாண்டிய முதல் ஆசிரியை என்று 2012-ல் செய்திகளில் வந்தார். 2023-ல் ஐ.எக்ஸ்.எல் லேர்னிங் என்ற கல்வி நிறுவனம் இந்தத் தளத்தை வாங்கியது.

ஆனால், விற்பதெல்லாம் தரமானது என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் தாமஸ் ஃபோர்டாம் இன்ஸ்டிட்யூட் 2019-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. இந்தத் தளத்திலும் இதேபோன்ற வேறு இரண்டு தளங்களிலும் அதிகம் டவுன்லோடு ஆன உயர்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடப் பொருட்களை நிபுணர்கள் பரிசோதித்தார்கள். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை வகுப்பில் பயன்படுத்தத் தகுந்தவை அல்ல என்று மதிப்பிட்டார்கள். நிறைய பேர் டவுன்லோடு செய்திருக்கிறார்கள் என்பதை வைத்து எதையும் நம்பிவிட முடியாது.

வாங்கும் முன் ஒரு கணக்கு

நம் ஊர் டீச்சர் ஒருவர் இப்படிப்பட்ட வெளிநாட்டுத் தளத்தில் 3 டாலருக்கு 20 பக்க ஃபைல் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 255 ரூபாய். வெளிநாட்டுப் பணமாற்றத்துக்கு வங்கி எடுக்கும் கட்டணமும் அதற்கான ஜி.எஸ்.டி-யும் தனி. 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும்படிதான் வரும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை வேண்டுமென்றால் வங்கி ஆப்பில் நாமே ஆன் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள்.

உண்மையான செலவு இதற்கு அப்புறம்தான். கலர் பிரின்ட் பக்கத்துக்கு 10 ரூபாய் என்றால், 20 பக்கத்துக்கு 200. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு 2,400 ரூபாய்! 255 ரூபாய் சரக்குக்கு 2,400 ரூபாய் ஜெராக்ஸ். டியூஷன் ஃபீஸில் இது கட்டுப்படியாகுமா?

அதனால் கறுப்பு வெள்ளையில் எடுத்தாலும் தெளிவாக இருக்கிற ஃபைலாகத் தேர்ந்தெடுங்கள். அல்லது ஒரே ஒரு செட் கலரில் எடுத்து லேமினேட் செய்துவிட்டால், பிள்ளைகள் மார்க்கரில் எழுதி, துணியால் துடைத்துவிட்டு, மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

இன்னொரு சின்ன விஷயம். அமெரிக்க ஃபைல்கள் ‘லெட்டர்’ அளவில் இருக்கும். அது 216-க்கு 279 மில்லிமீட்டர். நம் ஏ4 தாள் 210-க்கு 297. அப்படியே பிரின்ட் கொடுத்தால் ஓரத்து எழுத்து வெட்டுப்படலாம். கடைக்காரரிடம் ‘பக்கத்துக்குள் அடங்குகிற மாதிரி எடுங்கண்ணா’ என்று சொல்லிவிடுங்கள்.

‘மிஸ், இது என்னா காசு?’

காசு கணக்கைவிடப் பெரிய சிக்கல், உள்ளே இருக்கும் பாடம். காசு எண்ணும் பயிற்சி என்று வாங்கினால் டைம், குவார்ட்டர் என்று அமெரிக்க நாணயங்கள் இருக்கும். வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் இருக்கும். தேதியில் மாதம் முதலில் வரும். நாம் 1,00,000 என்று கமா போடும் இடத்தில் 100,000 என்று இருக்கும். ‘லட்சம்’ என்ற சொல்லே அவர்கள் கணக்கில் கிடையாது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ‘மிஸ், இது என்னா காசு?’ என்று கேட்டால், கூட்டல் சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரத்தில் அமெரிக்காவைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதுதான்.

எனவே பணம் கட்டும் முன், முன்னோட்டப் பக்கங்களை ஒன்று விடாமல் பாருங்கள். முன்னோட்டமே இல்லாத ஃபைலை வாங்காதீர்கள். டவுன்லோடு ஆகிவிட்ட ஃபைலுக்குப் பணம் திரும்பக் கிடைப்பது சுலபமில்லை. அதே ஆசிரியர் இலவசமாகப் போட்டிருக்கும் மாதிரி ஃபைல் ஏதாவது இருந்தால், முதலில் அதை வகுப்பில் ஓட்டிப் பாருங்கள்.

தமிழ் ஒர்க்‌ஷீட் வாங்குகிறவர்கள் எழுத்துருவையும் பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் இருக்கிறதா, அல்லது பி.டி.எஃப்-ஆக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அந்த 99 ரூபாய் பண்டில்...

இப்போது ஃபார்வர்டுக்கு வருவோம். ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒரே ஆள் தயாரித்து 99 ரூபாய்க்குக் கொடுக்க முடியுமா? இப்படி வருபவற்றில் பல, யார் யாரோ உழைத்துச் செய்ததை அள்ளிப்போட்டு கூகுள் டிரைவில் அடைத்தவை. அரசே இலவசமாகக் கொடுக்கும் பாடநூல் பக்கங்களைக்கூட உள்ளே சேர்த்து எண்ணிக்கையைக் காட்டுவார்கள்.

முறையான தளத்தில் ஒரு ஃபைல் வாங்கினால், பொதுவாக அது ஒரு ஆசிரியருக்கு, அவர் வகுப்புக்கு மட்டுமான அனுமதி. பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் ஃபைலையே வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது. பக்கத்து வகுப்பு டீச்சருக்கும் வேண்டுமென்றால் கூடுதல் அனுமதி வாங்க வேண்டும்.

‘பாடம் சொல்லிக்கொடுக்கத்தானே எடுக்கிறோம், அதில் என்ன தப்பு?’ என்று கேட்கலாம். நம் சட்டம் ஆசிரியருக்கு இடம் கொடுத்தே இருக்கிறது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ நகல் எடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை. டெல்லி பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்று தீர்ப்பளித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான். ஆனால், கற்பிக்க நகல் எடுப்பது வேறு. அடுத்தவர் ஃபைலை விலை வைத்து விற்பது வேறு. தெரிந்தே செய்யும் காப்புரிமை மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு அதே சட்டத்தில் இடமிருக்கிறது.

இதில் ஏமாற்று வேலையும் உண்டு. பணம் போனதும் நம்பரை பிளாக் செய்துவிடுவார்கள். பி.டி.எஃப் என்று சொல்லி ஏ.பி.கே ஃபைலை அனுப்புவார்கள். அதைத் தொட்டால் போனில் இருக்கும் வங்கி விவரங்களுக்கே ஆபத்து. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

காசில்லாமல் கிடைப்பது

பணம் செலவழிக்கும் முன் பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன.

முதலாவது, பிள்ளையின் பையில் இருக்கும் பாடநூல். தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ வரும். 2017-ல் தொடங்கிய மத்திய அரசின் ‘தீக்‌ஷா’ தளமும், 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்த ‘மணற்கேணி’ செயலியும் இலவசம்தான்.

பாடநூலில் க்யூ.ஆர் கோடு என்ற யோசனைக்கு ஒரு கதை உண்டு. மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி கிராமத்து ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே, தன் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகத்தில் இதை முதலில் செய்து பார்த்தவர். 2020-ல் அவருக்கு உலக ஆசிரியர் பரிசாகப் பத்து லட்சம் டாலர் கிடைத்தது. அதில் பாதியை இறுதிச் சுற்றில் இருந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்!

இரண்டாவது, ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சிப் புத்தகங்கள். 2022 ஜூனில், வடசென்னையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் இந்தத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று படிக்கும் நிலையை வைத்துப் பிரித்து, அதற்கேற்பப் பயிற்சி தருவது இதன் முறை. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று திணறும் டியூஷன் மிஸ்ஸுக்கு இது கைகொடுக்கும்.

மூன்றாவது, பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’. ஒரே கதை தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும் ஒடியாவிலும் கிடைக்கும். தொழிற்சாலை வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து வந்து மணலிப் பக்கம் குடியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, வீட்டு மொழியில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை என்று அதே கதையைப் படிக்கவைக்கலாம். இவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு டவுன்லோடு, பிரின்ட், பகிர்வு எல்லாம் தாராளமாகச் செய்யலாம்.

நாமே விற்கலாமா?

விற்கலாம். ஆனால் கனவுக்கு முன் கணக்கு. ‘டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்’ போன்ற தளத்தில் இலவசக் கணக்கு வைத்திருப்பவருக்கு விற்ற விலையில் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும். ஆண்டுக் கட்டணம் செலுத்தினால் சுமார் 80 சதவிகிதம். இந்திய வங்கிக் கணக்குக்குப் பணம் எப்படி வந்து சேரும் என்பதை முதலிலேயே படித்துப் பாருங்கள். கூகுளில் எடுத்த படங்களை ஒட்டி விற்றால் சிக்கல் நமக்குத்தான். அரசுப் பள்ளி ஆசிரியர்கள், துறை அனுமதியில்லாமல் இதில் இறங்க வேண்டாம். தனியார் பள்ளியில் வேலையின் பகுதியாகத் தயாரித்ததற்கு உரிமை பள்ளிக்குப் போக வாய்ப்பிருக்கிறது என்பதால், ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வட்டாரத்துக்கு எதை வாங்கினாலும் கிடைக்காத ஒரு ஒர்க்‌ஷீட் இருக்கிறது. வாசலில் போகும் லாரியைக் காட்டி, ‘20 அடி கன்டெய்னர் எத்தனை வைத்தால் 40 அடி டிரெய்லர் நிறையும்?’ என்று கேளுங்கள். ‘ஒரு லாரிக்கு எத்தனை சக்கரம்? அப்படி ஐந்து லாரி நின்றால்?’ என்று கேளுங்கள். ‘சுத்திகரிப்பு ஆலை 1969-ல் வந்தது, இந்த வருஷத்தோடு எத்தனை வயசு?’ என்று கேளுங்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாமே வந்துவிடும். ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தால் போதும். பக்கத்துத் தெரு மிஸ்ஸுக்கும் ஒரு காப்பி கொடுங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், இது உங்கள் சரக்கு.

காசு கொடுத்து வாங்குவது தப்பே இல்லை. உழைத்துத் தயாரித்த ஆசிரியருக்கு அது நியாயமான கூலி. ஆனால் வாங்குவதற்கு முன் பிள்ளையின் பாடநூலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதிலேயே கிடைத்துவிட்டால், 99 ரூபாய்க்கும் பென்சில் வாங்கிக் கொடுங்கள்.