கறுப்புக் கண்ணாடி மோகம்

"மாமா! இதை வாங்கிவிடட்டுமா?" என்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான் என் தங்கை மகன். பனிச்சறுக்குப் பழகுவதற்காகக் காஷ்மீரத்துக் குல்மார்க்குக்குப் போகிறான். படத்தில் இருந்தது பனிச்சறுக்குக்காரர்கள் அணியும் கண்ணாடி. காக்கைச் சிறகு தோற்கும் கறுப்பு. அதன்மேல் எதிரே நிற்பவர் முகம் தெரிகிற வெள்ளிப் பூச்சு!

"கூடாது" என்றேன். அவனுக்குச் சொன்ன காரணத்தை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த மோகத்துக்கு நானும் ஒரு முறை பலியானவன்.

கண்ணாடி கறுக்கக் கறுக்கக் கண்ணுக்குக் காப்பு அதிகம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சுத்த அபத்தம்! பனியில் கண்ணைச் சுடுவது நம் பார்வைக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர். புதுப் பனி அதில் 80 சதவிகிதம் வரை மேலே திருப்பி அடிக்கும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் அதன் கடுமை சுமார் 10 சதவிகிதம் கூடும். குல்மார்க்கோ 2,600 மீட்டருக்கு மேல். பகலெல்லாம் வெறுங்கண்ணோடு திரிந்தவனுக்கு, ராத்திரி மணலை வாரிப் போட்டாற்போல் கண் எரியும். ஆனால் அந்தக் கதிரைத் தடுப்பது கறுப்பு நிறமல்ல. நிறமே இல்லாத பாலிகார்பனேட் வில்லைகூட அதைத் தடுத்துவிடும். தடுக்கும் சக்தியில்லாத மட்டரகக் கறுப்புத்தான் ஆபத்து. இருட்டென்று ஏமாந்து கண்பாவை விரியும். கதிர் தாராளமாக உள்ளே நுழையும்.

பின்னே நிறம் எதற்கு? அன்றைய வானத்துக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதற்கு. 'எஸ் 3' என்று குறித்த வில்லை நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வெளிச்சத்தை மட்டுமே உள்ளே விடும்; பளீரென்ற வெயிலுக்கு அது சரி. 'எஸ் 1' வில்லை 43 முதல் 80 பங்கு வரை விடும். மேகமூட்டத்துக்கும் பனி கொட்டும் நாளுக்கும் அதுவே துணை.

இதெல்லாம் தெரியாமல், கடையில் இருந்ததிலேயே கறுப்பானதைப் பொறுக்கி எடுத்தவன் நான். போட்டோவில் சினிமாக் கதாநாயகன் மாதிரி இருந்தேன் என்பது வாஸ்தவம். மறுநாள் மேகம் கவிந்தது. வானமும் தரையும் ஒரே வெள்ளை, நிழலே இல்லை. நிழல் இல்லாத பனியில் மேடேது, பள்ளமேது? போதாக்குறைக்குக் கண்ணில் அந்த இருட்டு! முழங்கால் ஆழப் பள்ளத்தை நான் பார்க்கவில்லை; என் கணுக்கால்தான் பார்த்தது. மூன்று வாரம் நொண்டினேன்.

வட துருவத்தை அடுத்து வாழும் இனூயிட் மக்களை நினைத்துப் பாருங்கள். எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீற்றாகப் பிளவு செதுக்கிக் கண்ணுக்கு மேல் கட்டிக்கொண்டார்கள். நிறமும் இல்லை, ஜிலுஜிலுப்பும் இல்லை. தேவை என்னவென்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் பாப் ஸ்மித் என்ற பல் வைத்தியர் 1965-ல் இரட்டை வில்லைக் கண்ணாடியைச் செய்தாரே, அவரும் அழகுக்காகச் செய்யவில்லை. மூச்சு ஆவி படிந்து பார்வை மங்காமல் இருக்கச் செய்தார்.

ஆகவே என் கட்சி இதுதான்: புற ஊதாக் கதிரை முற்றிலும் தடுக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என இரண்டு வில்லைகள் மாற்றிப் போட முடிகிறதா என்று பாருங்கள். என்னைப்போல் மூக்குக் கண்ணாடிக்காரராக இருந்தால், அதையும் போட்டுக்கொண்டே மாட்டிப் பாருங்கள். நிறத்தையும் மினுமினுப்பையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி நாம் உலகத்தைப் பார்ப்பதற்கு. உலகம் நம்மைப் பார்ப்பதற்கல்ல.

"மஞ்சள் வில்லை போட்டோவில் நன்றாக இராதே, மாமா!" என்றான் பையன்.

"மாவுக்கட்டும் நன்றாக இராது, அப்பா!" என்றேன்.