பழைய ஜீப்புக்கு முதல் செலவு

கடற்காற்றின் உப்பு இரும்பை எவ்வளவு விரைவில் தின்றுவிடும் என்பதைக் எங்கள் கடலோர ஊரான கிளிஞ்சல்மேட்டில் வாழ்கிறவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காரைக்கால் கரையோரத்து மணலிலும், மழைக்காலத்தில் வயல்களுக்கிடையே சேறாகிவிடும் வண்டிப்பாதைகளிலும் ஓட்டுவதற்கென்று பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றை வைத்துப் பராமரிக்க விரும்புகிறவர், அதன் சேஸிஸையும் அடித்தகட்டையும் பற்றிக் கவலைப்படுவது இயல்பே. ஆயினும் அகன்ற டயருக்கும் கண்ணைப் பறிக்கும் விளக்குக்கும் புதுப் பெயின்டுக்கும் தாராளமாகச் செலவு செய்கிற அதே மனிதர், தம் கண்ணுக்கு நேரே டாஷ்போர்டில் பல வருஷங்களாக அசையாமல் கிடக்கும் முட்களைப் பற்றிச் சிறிதும் சிந்திப்பதில்லை. பழைய ஜீப்பைப் புதுப்பிக்க நினைப்பவர் செய்ய வேண்டிய முதல் செலவு அதன் மீட்டர்களுக்கானதே என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த வாகனத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ராணுவ ஜீப்பை வடிவமைத்தவர்கள், கதவுகூட அவசியமில்லை என்று தள்ளிவிட்ட அந்த எளிய வண்டியில், வேகம், பெட்ரோல், ஆயில் பிரஷர், தண்ணீரின் உஷ்ணம், மின்சாரம் ஆகியவற்றுக்கு ஐந்து தனித்தனி மீட்டர்களை வைக்க மட்டும் மறக்கவில்லை. போர்முனையில் எஞ்சினின் ஸ்திதியை அறியாமல் ஓட்டுவது உயிருக்கே ஆபத்து என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தக் குடும்பத்து ஜீப்புகளை மஹிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியிலிருந்து பம்பாயில் உருவாக்கத் தொடங்கியது. பின்னாளில் பூஜோ நிறுவனத்தின் நுட்பத்தைத் தழுவிய 2,112 சி.சி. டீசல் எஞ்சினோடு வந்த எம்.எம். 540 முதலிய வண்டிகள் தேசமெங்கும் அரசாங்க அலுவலகங்களின் வாசல்களில் நின்றன. அரசுக்குச் சொந்தமான வாகனங்களுக்கு 15 ஆண்டுகளுக்குப் பின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், தனியார் கையில் எஞ்சியிருப்பவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு அவற்றின் சொந்தக்காரர்களைச் சேர்ந்ததாகிவிட்டது.

காலப்போக்கில் நேர்ந்த ஒரு மாற்றத்தை இங்கே கவனிக்க வேண்டும். சிக்கனத்தை உத்தேசித்துப் பல மாடல்களில் ஆயில் பிரஷர் மீட்டரையும் மின்சார மீட்டரையும் எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் சிறு சிவப்பு விளக்குகளை வைத்தார்கள். இது சௌகரியம்போலத் தோன்றினாலும் ஓட்டுநரை இருளில் நிறுத்தும் ஏற்பாடு. பேரிங்குகளுக்கும் கிராங்குக்கும் இடையே உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது அழுத்தத்தோடு பாயும் ஆயில் ஒன்றுதான். ஓடும் எஞ்சினில், ஆயிரம் சுற்று வேகத்துக்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருப்பது நலம் என்பது மெக்கானிக்குகள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. சிவப்பு விளக்கோ, அழுத்தம் ஏறத்தாழ 5 பி.எஸ்.ஐ.க்கு வீழ்ந்த பிறகுதான் எரியும். நாற்பதிலிருந்து முப்பதுக்கும், முப்பதிலிருந்து இருபதுக்கும் மாதக்கணக்கில் அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தபோதெல்லாம் அந்த விளக்கு வாய் திறவாது. அது எரியும்போது பேரிங்குகள் பெரும்பாலும் கெட்டிருக்கும். நாள்தோறும் நாடி பார்ப்பதுபோல் தேய்மானத்தைப் படிப்படியாக உணர்த்துவது முள்ளுள்ள மீட்டர் ஒன்றே.

உப்புக்காற்று வீசும் ஊருக்கு, ஆயில் பிரஷரைக் காட்ட மின்சாரமே வேண்டாத பழைய மெக்கானிக்கல் மீட்டரே உத்தமம் என்பேன். வளைந்த ஒரு பித்தளைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது குழாய் சற்றே நிமிர்கிறது. அந்த அசைவு சிறு பற்சக்கரங்களின் வழியே முள்ளைத் திருப்புகிறது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த நாளில், 1849-இல், பாரிஸ் நகரத்து யூஜீன் பூர்தோன் கண்டுபிடித்த தத்துவம் இது. இன்றும் உலகெங்கும் பாய்லர்களிலும் ஆக்ஸிஜன் சிலிண்டர்களிலும் அதுவே வேலை செய்கிறது. கெட்டுப்போக ஒயர் இல்லை, களிம்பு பிடிக்க டெர்மினல் இல்லை. எஞ்சினிலிருந்து சூடான ஆயில் டாஷ்போர்டு வரை வருவதால், இணைப்புக் குழாயை அதிர்வைத் தாங்கும்படி இரண்டு சுற்றுச் சுற்றி, தகட்டைக் கடக்குமிடத்தில் ரப்பர் வளையம் இட்டு, கசிவில்லாமல் பொருத்துவது மட்டும் அவசியம்.

மின்சார விஷயத்தில் மாற்றம் இன்னும் அவசரமானது. பழைய ஜீப்பின் ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் பேட்டரிக்குச் செல்லும் மின்னோட்டம் முழுவதும் டாஷ்போர்டுக்கு வந்து திரும்புகிறது. டைனமோ இருந்த இடத்தில் அதிக ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டரைப் பூட்டிவிட்டு, அதே மெல்லிய ஒயரையும் அதே மீட்டரையும் விட்டுவைப்பது தீயை வரவேற்பதற்கு ஒப்பாகும். அதை நீக்கி ஒரு வோல்ட் மீட்டரை வைத்தால், முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடுகையில் சுமார் 14 வோல்ட்டும் காட்டும். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்திருக்கிறவர் நடுவழியில் நிற்பது அரிது. அலங்காரத்துக்காகச் சார்ஜ் விளக்கின் பழைய பல்பைக் கழற்றி எல்.இ.டி. போடுகிறவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: அந்த பல்பின் வழியே பாயும் சிறு மின்னோட்டம்தான் பல ஆல்டர்னேட்டர்களைத் துவக்குகிறது, அது குறைந்தால் சார்ஜே ஏறாமல் போகலாம்.

புதிய மீட்டர் வாங்குமுன் பழையது உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று சோதிப்பது விவேகம். இக்கரையில் மீட்டர்கள் பொய் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் துருப்பிடித்த எர்த் இணைப்பே. எஞ்சினிலிருந்தும் பாடியிலிருந்தும் பேட்டரிக்குச் செல்லும் எர்த் ஒயரின் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து கிரீஸ் தடவினால், செத்ததாகக் கருதிய முள் உயிர்பெறுவதுண்டு. பெட்ரோல் முள்ளும் உஷ்ண முள்ளும் ஒரே சமயத்தில் தவறாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரைச் சந்தேகிக்க வேண்டும். உஷ்ண சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் தடைப்பட்டு முள் பிழையாகக் காட்டும். மீட்டரும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இசைந்த ஜோடியாக இராவிட்டால் எத்தனை விலையுயர்ந்த மீட்டரும் பயன்படாது. கடல் மட்டத்தில் உள்ள நம் ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சென்சாரின் முனையைக் கொதிநீரில் வைத்து, எர்த்தும் கொடுத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது, கடையில் எவர் சொல்லும் உத்தரவாதத்தையும்விடப் பெரிது. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நின்று குறைவான உஷ்ணத்தைக் காட்டி ஏமாற்றும் என்பதால், முள்ளை நம்பித் தண்ணீர் பார்ப்பதைக் கைவிடலாகாது.

வேக மீட்டரையும் மறக்கலாகாது. டயரின் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், மீட்டர் 50 காட்டும்போது வண்டி உண்மையில் 55-இல் ஓடுகிறது. டயரை மாற்றுகிறவர் கேபிளின் பற்சக்கரத்தை மாற்றவோ, ஜி.பி.எஸ். மீட்டர் ஒன்றை வைக்கவோ கடமைப்பட்டவர்.

பழமையைக் குலைக்கக் கூடாது என்று சொல்வோரின் ஆதங்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்காக உண்மையைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. பழைய டாஷ்போர்டில் ஒரு துளைகூடப் போடாமல், அதன் அடியில் சிறு தகடு ஒன்றில் மூன்று மீட்டர்களை வரிசையாகப் பொருத்திவிடலாம். வேண்டாதபோது கழற்றவும் செய்யலாம். எண்களை மட்டும் காட்டும் டிஜிட்டல் திரையைவிட முள்ளையே நான் விரும்புவதற்கும் காரணம் உண்டு: குலுங்கும் பாதையில் எண்ணைப் படிக்க நேரமில்லை, முள் சாய்ந்திருக்கும் திசை ஓரக்கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இந்த நியாயம் ஜீப்போடு நிற்பதன்று. நின்றுபோன ஜீப்பிலிருந்து இறங்கி நடக்கலாம்; கரை தெரியாத தூரத்தில் நின்றுபோன படகிலிருந்து இறங்க இடமில்லை. கடல்நீரை உறிஞ்சிக் குளிரும் விசைப்படகு எஞ்சினில், உறிஞ்சும் குழாயைப் பாசியோ பிளாஸ்டிக்கோ அடைத்தால் உஷ்ணம் விரைவில் ஏறும். அதை முதலில் அறிவிப்பது உஷ்ண மீட்டரே. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கும்போதே ஆயில், உஷ்ணம், வோல்ட் ஆகிய மூன்று மீட்டர்களையும் சோதித்துப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று மீனவர் பஞ்சாயத்துகளைக் கேட்டுக்கொள்கிறேன். வாகனத் தகுதிச் சான்றுக்கும் படகுகளின் ஆய்வுக்கும் வருகிற அதிகாரிகள், விளக்கும் ஹாரனும் இயங்குகின்றனவா என்று பார்ப்பதோடு அமையாமல், மீட்டர்கள் உண்மை பேசுகின்றனவா என்றும் பார்ப்பார்களாயின், அதிகச் செலவில்லாமலே பல எஞ்சின்களும் சில உயிர்களும் காப்பாற்றப்படும்.