ரஃப் நோட்டுக்கும் மார்க் கொடுங்கள்

ப்ளஸ் ஒன் பிசிக்ஸில் தனி ஊசல் சோதனை உண்டு. ஊசலை ஆட்டிவிட்டு, 20 அலைவுக்கு எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்ச் பிடித்துக் குறிக்க வேண்டும். இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் அட்டவணை முழுவதையும் நிரப்பித் தந்துவிடுகிறது. நிஜம் போலத் தெரிய நடுவில் கொஞ்சம் பிழையும் வை என்றால், அதையும் வைக்கிறது.

பாடத்தில் சந்தேகம் கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நூறு தடவை கேட்டாலும் கோபிக்காத வாத்தியார் நமக்கெல்லாம் கிடைத்ததில்லை. அது சொல்வதைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கப் பழகினால் போதும். ஆனால் அளக்காததை அளந்ததாக எழுதுவது, வவுச்சர் இல்லாமல் பில் பாஸ் செய்வது மாதிரி. ஆபீசில் குப்பை கொட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் புதுச்சேரிக்கே வந்த கியோம் லெ ழாந்தியை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளக்க பிரான்சிலிருந்து கிளம்பியவர். 1761இல் ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. ஆடும் கப்பலில் இருந்து பார்த்ததில் உருப்படியான அளவு எதுவும் எடுக்க முடியவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து, இங்கே கருவிகளை வைத்துத் தயாரானார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது. கணக்குப் போட்டு நாலு எண்களை எழுதிக்கொள்ள அவருக்குத் தெரியாதா? வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விடை 9.8 வராமல் 10.3 வந்தால் மார்க் போய்விடும் என்ற பயம்தான் அவர்களைப் பொய் எழுத வைக்கிறது. பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் ‘புருய்யோன்’ என்போம். அடித்தல் திருத்தலோடு முதலில் எழுதும் தாள். அதைப் பார்த்தாலே பையன் எங்கே தடுமாறினான் என்று தெரிந்துவிடும். அதுபோல லேபிலேயே பேனாவால் எழுதிய ரஃப் நோட்டில் ஆசிரியர் அன்றே கையெழுத்துப் போட்டு, அதற்கும் மார்க் தரட்டும். 10.3 ஏன் வந்தது என்று யோசித்து எழுதும் பிள்ளைக்கு முழு மார்க் போடட்டும்.

நாளைக்கு நம் சர்க்கரை அளவையும், குடிதண்ணீர்ப் பரிசோதனை முடிவையும் எழுதப்போவது இந்தக் கைகள்தான். அடுத்த முறை பேரனையோ பேத்தியையோ பார்க்கும்போது, எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன்னால், “உனக்கு லேபில் என்ன அளவு வந்தது?” என்று கேட்டுப் பாருங்கள்.