கைராசி என்று ஒன்று இல்லை, முதலில் வேரைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று மொட்டை மாடியில் மண்ணில்லா விவசாயம், அதாவது ஹைட்ரோபோனிக்ஸ், ஆரம்பித்திருக்கிறாள். நாலு பக்கெட், அதற்கு மூடி, நெட் பாட், உரப் பாட்டில் எல்லாம் செட்டாக வாங்கி, பாலக்கீரை, லெட்டூஸ், புதினா வைத்திருக்கிறாள். மூன்று தடவை நட்டும் மூன்று தடவையும் இலை மஞ்சளாகி, தலை தொங்கி, செத்துவிட்டது.

போனில் அவள் கேட்டது செடியைப் பற்றி அல்ல. "டீச்சர், என் கைக்கு ராசி இல்லையாம். இவ கை பட்டா எது துளிர்க்கும்னு வீட்ல சொல்றாங்க. நிஜமா டீச்சர்?"

மறுநாளே திருச்சியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். கையில் மூன்று சாமான்: ஒரு தெர்மாமீட்டர், ஒரு பி.எச். மீட்டர், ஒரு ஈ.சி. மீட்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் என் மாடியில் நான் கொன்ற செடிகள் எனக்குக் கற்றுக்கொடுத்த சாமான்கள் அவை.

மத்தியானம் இரண்டு மணி. பக்கெட் வெள்ளை நிறம், வெளிச்சம் உள்ளே ஊடுருவும் ரகம். உள்சுவரெல்லாம் பச்சைப் பாசி. தண்ணீரின் சூடு 36 டிகிரி. பி.எச். 7.9. ஈ.சி. 3.4. மூடியைத் தூக்கி வேரைப் பார்த்தேன். பழுப்பு நிறம், வழவழப்பு, சாக்கடை நாற்றம். விரலால் இழுத்தால் மேல்தோல் கையோடு வந்தது.

இதில் எங்கே இருக்கிறது ராசி? அந்தப் பக்கெட்டில் யார் கை பட்டிருந்தாலும் செடி செத்திருக்கும். வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் கை பட்டிருந்தாலும் செத்திருக்கும்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வகுப்பில் கரும்பலகை முன்னால் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சூடு. வேருக்கும் மூச்சு உண்டு. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைத்தான் அது சுவாசிக்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற வேருக்குத் தேவை கூடுகிறது, இருப்போ குறைகிறது. மூச்சு முட்டிய வேரில் பித்தியம் என்கிற வேரழுகல் நோய்க்கிருமி சுலபமாகக் குடியேறும். தண்ணீர் 25 டிகிரியைத் தாண்டினாலே கவனம் வேண்டும். அவள் பக்கெட்டில் 36.

இரண்டாவது, பி.எச். தண்ணீர் வளர்ப்பில் இது 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால் இரும்பு, மாங்கனீசு போன்ற சத்துகள் தண்ணீரில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. சாப்பாடு மேஜையில் இருக்கிறது, பிள்ளையின் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறோம். அதன் பிறகு "பசிக்கிறது போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் பரிமாறு" என்றால் என்ன அர்த்தம்?

மூன்றாவது, அந்த "இன்னும் கொஞ்சம் பரிமாறு". என் கோபத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். முதல் இலை மஞ்சளானதும் இவள் செட் விற்ற கடைக்குப் போன் செய்திருக்கிறாள். "சத்துக் குறைபாடு மேடம், டோஸைக் கூட்டுங்க" என்றார்களாம். கூட்டினாள். மீண்டும் மஞ்சள். "பூஸ்டர் ஒன்று இருக்கு, அதையும் ஊத்துங்க." ஊற்றினாள். தண்ணீர் குறையும்போதெல்லாம் உரம் கலந்த தண்ணீரையே நிரப்பினாள். கோடையில் செடி உப்பைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் குடிக்கும், மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். லெட்டூஸுக்கு ஈ.சி. ஒன்றையொட்டி இருந்தால் போதும். நாற்றுக்கு அதிலும் பாதி. அவளுடையது 3.4. உப்பு அவ்வளவு ஏறினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும்.

அந்தக் கடையில் ஒருவராவது "உங்க வீட்டுத் தண்ணியோட டி.டி.எஸ். என்னம்மா?" என்று கேட்டார்களா? இல்லை. போர் தண்ணீரை அளந்தேன், 900 பி.பி.எம். உரம் ஒரு சொட்டு விழுவதற்கு முன்பே அந்தத் தண்ணீர் பாதி நிறைந்த பாத்திரம். கடின நீரில் இருக்கும் பைகார்பனேட், பி.எச்.சை மேலே மேலே தூக்கிக்கொண்டே இருக்கும். இதைச் சொல்லாமல் செட்டை விற்பது, கண்ணைப் பரிசோதிக்காமல் மூக்குக் கண்ணாடி விற்பதற்குச் சமம்.

விற்பவர்களிடம் நான் கேட்பது பெரிய நியாயம் ஒன்றும் இல்லை. "வேலையே கிடையாது, யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம்" என்று விளம்பரம் செய்யாதீர்கள். பி.எச். மீட்டரும் ஈ.சி. மீட்டரும் இல்லாமல் செட் விற்காதீர்கள். வாங்குபவர் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி அளந்து பார்த்துவிட்டுப் பணம் வாங்குங்கள். ஏப்ரல், மே மாதத்தில் மொட்டை மாடிக்கு லெட்டூஸ் விதை கொடுக்காதீர்கள். அது குளிர்ச்சியை விரும்பும் செடி, வெயிலில் கசந்து பூத்துவிடும்.

இந்தப் பொய் புதிதும் அல்ல. 1930-களில் அமெரிக்காவில் இந்த முறை பிரபலமானபோதும் மாயாஜாலம் மாதிரிதான் பேசினார்கள். அப்போது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லாண்ட், ஆர்னான் என்ற இருவர், 1938-ல் பொதுமக்களுக்காக ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார்கள். இதில் மந்திரம் இல்லை, செடியின் தேவையைப் புரிந்துகொண்டு செய்தால்தான் பலன் என்பதே அதன் சாரம். ஹோக்லாண்ட் கரைசல் என்ற பெயரில் அவர்களுடைய உரக் கலவை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கலவையை எடுத்துக்கொண்டோம், எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

இப்போது என் பிள்ளைகளுக்குப் பாடம். செடி நோஞ்சானாக இருந்தால் எதை முதலில் பார்ப்பது?

1. வேர். வெள்ளை அல்லது இளமஞ்சள் நிறம் என்றால் நலம். உரத்தின் நிறம் ஏறி லேசாகப் பழுப்பாக இருந்தாலும், கெட்டியாக, நாற்றம் இல்லாமல் இருந்தால் பயமில்லை. வழவழப்பும் நாற்றமும் இருந்தால் அழுகல். வேர் கெட்டபின் எந்தச் சத்தை ஊற்றினாலும் உள்ளே போகாது. அதனால்தான் இது முதல் கேள்வி.

2. தண்ணீரின் சூடு. காலையில் அல்ல, மத்தியானம் அளந்து பாருங்கள். பக்கெட்டை நிழலுக்கு மாற்றுங்கள். வெளிச்சம் புகாதபடி அலுமினியத் தாளோ கறுப்புப் பெயின்டின் மேல் வெள்ளைப் பெயின்டோ போடுங்கள். பாசியும் வராது. ரொம்பச் சூடான நாளில் ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு உள்ளே மிதக்க விடலாம்.

3. காற்று. மீன்தொட்டிக்குப் போடும் ஏர் பம்ப் போதும். பம்ப் இல்லாத முறை ஒன்றும் உண்டு. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்பவர் பெயரால் வழங்குவது. அதில் தண்ணீர் குறையக் குறைய மேல்வேர் காற்றில் நிற்கும், அதுதான் செடியின் மூக்கு. பாசத்தில் விளிம்புவரை தண்ணீரை நிரப்பினால் மூக்கை அமுக்கிக் கொல்கிறீர்கள். நிறையப் பேர் இப்படித்தான் கொல்கிறார்கள்.

4. வெறும் தண்ணீரின் டி.டி.எஸ். மிக அதிகமாக இருந்தால் மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ கலந்து குறையுங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்காது, உரத்தில் அவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19-ஐ மட்டும் கரைத்து ஊற்றுகிறவர்கள் கவனியுங்கள், அதில் கால்சியம் கிடையாது.

5. பி.எச். உரம் கலந்தபின் அளக்க வேண்டும், மறுநாளும் அளக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இறங்கும், ஆனால் நிற்காது. கடையில் கிடைக்கும் பி.எச். டவுன் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அது அமிலம், கையுறை முக்கியம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

6. ஈ.சி. நாளுக்கு நாள் ஏறினால் செடி தண்ணீரை மட்டும் குடிக்கிறது, வெறும் தண்ணீர் சேருங்கள். இறங்கினால் உரத்தைச் சாப்பிடுகிறது, உரம் சேருங்கள். ஏ, பி என்று இரண்டு பாட்டில் இருந்தால் ஒன்றோடு ஒன்றை நேராகக் கலக்காதீர்கள். ஏ-யில் இருக்கும் கால்சியம், பி-யில் இருக்கும் சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி அடியில் தங்கிவிடும். பக்கெட் தண்ணீரில் ஏ-யை விட்டுக் கலக்கி, அதன் பிறகு பி.

7. வெயில். தண்டு நூல் மாதிரி நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை.

8. இலை. கடைசியில்தான் இலை! அடியிலிருக்கும் முதிர்ந்த இலை முழுவதும் வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்து. முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம். இளந்துளிரில் அதே மாதிரி இருந்தால் இரும்பு, அப்படியென்றால் பாட்டிலைத் தேடாமல் பி.எச்.சைப் பாருங்கள். இலையைத் திருப்பி அசுவினி, வெள்ளை ஈ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் மாற்றினால், பிழைத்தாலும் ஏன் பிழைத்தது என்று தெரியாது, செத்தாலும் ஏன் செத்தது என்று தெரியாது.

"இவ்வளவு தொல்லை எதற்கு, மண்ணில் போட்டால் தானாக வளராதா?" என்று என் தம்பி கீழே வந்து கேட்பான். கேட்கட்டும், நியாயமான கேள்வி. மண் தாய் மாதிரி, நம் தப்பைக் கொஞ்ச நாள் மறைத்துப் பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் அப்படியல்ல, செய்த தப்பை உடனே காட்டிக்கொடுக்கும். மண் இருக்கிறவர்கள் மண்ணிலேயே போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மண்ணில் வளரவில்லை என்றாலும் காரணம் மண்ணில்தான் இருக்கும், போட்டவளின் வயிற்றில் இருக்காது.

"பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?" என்பார் இன்னொருவர். என் பாட்டிக்குக் கைராசி என்று ஊரே சொல்லும். அவள் வைத்த கறிவேப்பிலை காடாக வளர்ந்தது. நானும் சின்ன வயதில் நம்பினேன். இப்போது யோசித்தால் தெரிகிறது. விடிந்ததும் பல் விளக்கியபடியே ஒவ்வொரு செடியாகப் போய் நிற்பாள். விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்ப்பாள். இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பாள். அதற்குப் பெயர் ராசி அல்ல, கவனிப்பு. ராசி என்றால் பிறவியிலேயே வர வேண்டும். கவனிப்பை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

இனி நான் சொல்வது எனக்கும் சேர்த்துத்தான். பள்ளிக்கூடத் தோட்டத்தில் நாற்று நடும்போது "நீ வேணாம், உனக்குக் கைராசி இல்ல, அவ நடட்டும்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல. இவளிடமும் சொல்லியிருக்கிறேனாம். "நீங்ககூட அப்பவே சொன்னீங்களே டீச்சர்" என்று அந்த மாடியில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையை இருபது வருடம் சுமந்திருக்கிறாள். அதன் மேல்தான் அவள் வீட்டார் இதையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவளிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். வேறு யாரிடமெல்லாம் சொன்னேனோ, அவர்களிடம் இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

அன்று செத்த செடிகளை எடுத்துப் போட்டோம். பக்கெட்டை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காய வைத்தோம். இடத்தைக் கிழக்குப் பக்க நிழலுக்கு மாற்றினோம், தாள் சுற்றினோம், ஏர் பம்ப் போட்டோம். போர் தண்ணீரோடு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து, கால் பங்கு உரம் போட்டு, பி.எச். 6-க்கு இறக்கினோம். லெட்டூஸை மார்கழிக்குத் தள்ளிவிட்டு, சந்தையில் வாங்கிய புதினாக் காம்பை மட்டும் வைத்தோம். பதினோராம் நாள் போட்டோ அனுப்பினாள். இலையை அல்ல, வேரை. வெள்ளை வேர். "எண் எல்லாம் நோட்ல எழுதியிருக்கேன் டீச்சர்" என்று கீழே ஒரு வரி.

புதினா துளிர்த்ததால் அவளுக்கு ராசி வந்துவிட்டது என்று அந்த வீட்டில் யாராவது சொல்லக் கிளம்பினால், அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்கு இந்தப் புதினா வாடினாலும் அவள் அதே பெண்தான்.

உறவுகளே, உங்கள் வீட்டு மருமகளோ மகளோ வைத்த செடி வாடினால், அந்த வார்த்தையை எடுக்காதீர்கள். ஒரு தெர்மாமீட்டரை எடுங்கள். பிள்ளைகளே, கமென்டில் "டீச்சர், செடி மஞ்சளா இருக்கு" என்று மட்டும் கேட்டால் பதில் வராது. வேரின் படம், மத்தியானச் சூடு, வெறும் தண்ணீரின் டி.டி.எஸ்., கலந்த தண்ணீரின் பி.எச்., ஈ.சி. இந்த ஐந்தையும் எழுதிக் கேளுங்கள். இரவு பத்து மணியானாலும் பதில் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்